தபால்காரர் சட்டை

ஏசியைக் கொஞ்சம் குறைச்சுக்க தம்பி. எனக்குக் கழுத்து பிடிச்சுக்கும். ஆங், போதும். இப்படியே இருக்கட்டும்.

உன் பேரு என்ன? ஜெயசீலனா? நல்ல பேரு. ஜெயசீலா, உன்கிட்ட என்ன சொல்லி அனுப்பினாங்க? ‘திண்டிவனத்துல ஒரு பழைய நடிகையம்மா இருக்காங்க, பத்திரமா ஏத்திட்டு வா’ன்னா? வாசல்ல வந்து நின்னு என்கிட்டயே ‘நடிகையம்மா வீடு எதுங்க’ன்னு கேட்டியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் கூட்டுறவு சங்கத்துல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவப்பா. நடிச்சது ஒரே படம். அதுலயும் பொம்பளப் புள்ளையா இல்ல. கிராப்பு வெட்டி, அரை டிராயர் மாட்டி, ஆம்பளப் பையனா நிக்க வெச்சாங்க. பேபி செண்பகம்னு டைட்டில்ல வரும். கண் சிமிட்டினா போயிடும்.

படம் பேரு ‘தாத்தாவின் தங்கப்பல்’. நீ பார்த்திருக்க மாட்டே. உங்கப்பா பார்த்திருப்பாரு. ஒரு கல்யாண வீடு. நிச்சயதார்த்தத்தன்னிக்குக் காலையில தாத்தாவோட தங்கப்பல் காணாமப் போயிடும். பல்லு இல்லாம சபையில வந்து உக்கார மாட்டேன்னு கிழவர் அடம் பிடிப்பாரு. அந்த வீட்டுப் பொடிசுங்க ரெண்டு பேரு, பிச்சுமணி, குண்டு, ஒரு நாயையும் கூட்டிக்கிட்டுத் துப்பறியக் கிளம்பும். பிச்சுமணி நான். சமையக்காரர் மேல சந்தேகம், நாயனக்காரர் மேல சந்தேகம், மாப்பிள்ளையோட மாமா மேல சந்தேகம். ஒவ்வொருத்தர் வாயையும் திறந்து பார்ப்போம். ஒரே சிரிப்பு. கடைசியில பார்த்தா தாத்தாவேதான் பல்லைக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டு வெச்சிருப்பாரு. பேத்தி போயிட்டா வீடு வெறிச்சோடிப் போயிடுமேன்னு கல்யாணத்தைத் தள்ளிப்போடப் பார்த்திருக்காரு மனுஷன். அந்த இடத்துல தியேட்டரே அழும்.

அப்போ நான் இடுப்புல கையை வெச்சுக்கிட்டு ஒண்ணு சொல்வேன். ‘வீட்டுக்குள்ள இருக்கிற திருடனைத் தெருத்தெருவா தேடினா கெடைப்பானா?’ அவ்வளவுதான். அந்த ஒரு வரி என் உசிரை வாங்கிடுச்சு ஜெயசீலா. என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்க பாடச் சொல்லலை, இதைச் சொல்லச் சொன்னாங்க. ரேஷன் கடையில சொல்லியிருக்கேன். பிரசவ வார்டுல வலியோட படுத்திருந்தப்போ ஒரு நர்ஸம்மா கேட்டாங்க, சொன்னேன். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்னு கணக்கே கிடையாது. வாய்தான் சொல்லும். காதுல ஏறுறதில்லை. அலுத்துப்போச்சு.

இப்போ யாரோ பிலிம் கிளப் பசங்க எங்கேயோ ஒரு பிரிண்டைக் கண்டுபிடிச்சு, கீறலையெல்லாம் நீக்கி, இன்னிக்குச் சாயங்காலம் போட்டுக் காட்டுறாங்களாம். ‘மேடம், நீங்கதான் சிறப்பு விருந்தினர்’ங்கிறாங்க. எனக்குப் போக மனசே இல்லை. என் பொண்ணுதான் போ போன்னு நச்சரிச்சு அனுப்பினா. ஏன் மனசில்லைன்னு அவளுக்குத் தெரியாது. அவளுக்கு என்ன, அவங்கப்பாவுக்கே நான் சொன்னதில்லை.

அவன் வருவான். அதான்.

யாருன்னா, குண்டு. மாஸ்டர் உமாபதி. அவனும் சிறப்பு விருந்தினராம். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சு பொன்னாடை போத்துவாங்களாம். எங்கப்பா தலையில பழி போடப் பார்த்தவன் பக்கத்துல நான் உக்காந்து பல்லைக் காட்டணும். எப்படி இருக்கு?

டோல்கேட்டா? சரி, நீ முதல்ல அதைப் பாரு.

எங்கப்பா பேரு திருஞானம். நாடகக்காரர். ராஜபார்ட் திருஞானம்னா விழுப்புரம் வட்டாரத்துல ஒரு காலத்துல பேரு உண்டு. மைக் இல்லாம கடைசி வரிசைக்குக் கேக்குற மாதிரி பாடுவாரு. அப்புறம் நாடகம் படுத்துடுச்சு, சினிமா வந்து முழுங்கிடுச்சு. யாரோ சொல்லி என்னை மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போய் நிறுத்தினாரு. கம்பெனிக்காரங்களுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு. அம்மா கைக்குழந்தையோட ஊர்லயே இருந்துட்டாங்க. என் கூட அப்பாதான் வந்தாரு.

ஏற்காட்டுல ஷூட்டிங். காப்பித் தோட்டத்துக்கு நடுவுல ஒரு பழைய பங்களா. அந்தக் கோடை லீவு பூரா அங்கேதான். பெரிய நடிகருங்களுக்கு மேல் மாடி. எங்களுக்குப் பின்பக்கம், தகரக் கூரை போட்ட வரிசை வீடு. ஒரு ரூம்ல நானும் அப்பாவும். பக்கத்து ரூம்ல உமாபதியும் அவங்கம்மா பட்டம்மாளும். அவனுக்கு அப்பா இல்லை. செத்துப்போயிட்டாரு. அந்தம்மா எப்பப் பார்த்தாலும் அவனை அதட்டிக்கிட்டே இருக்கும். ‘ஒழுங்கா நடி, ஒழுங்கா நடி, இல்லேன்னா ரெண்டு பேரும் தெருவுல நிக்கணும்’னு. அதனால அவன் எங்க ரூம்லயேதான் கெடப்பான். எங்கப்பா எனக்குச் சோறு ஊட்டினா அவனும் வாயைத் திறந்துக்கிட்டு வந்து நிப்பான். அப்பா எனக்கொரு உருண்டை, அவனுக்கொரு உருண்டை. அவனுக்குத் தலை சீவி விடுவாரு. ஏரிக்குப் போனா ஒரு தோள்ல நான், ஒரு தோள்ல அவன். அவன் கனத்துக்கு அப்பா ஒரு பக்கமா சாஞ்சுதான் நடப்பாரு. அப்படி வளர்த்த கையைத்தான் கடிச்சான். கேளு.

டைரக்டர் நீலமேகம் தங்கமான மனுஷன். எங்கப்பா பழைய நாடகக்காரர்னு தெரிஞ்சு, ‘அண்ணே, சும்மாதானே உக்காந்திருக்கீங்க, தபால்காரர் வேஷம் ஒண்ணு இருக்கு, நீங்களே பண்ணிடுங்க’ன்னாரு. ஒரே சீன். கேட்டைத் திறந்துக்கிட்டு வரணும், ‘சார், தபால்’னு சொல்லணும், ஒரு கவரைக் குடுத்துட்டுப் போகணும். அவ்வளவுதான். எங்கப்பாவுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. காக்கிச் சட்டை, தொப்பி, தோள்ல மாட்டுற பை, எல்லாம் குடுத்தாங்க. கம்பீரமா இருந்தாரு தெரியுமா? கவர்னர் மாதிரி இருந்தாரு.

கவர்னர் மாதிரி இருந்ததுதான் வினையாப் போச்சு.

அன்னிக்கு மலையில சுள்ளுனு வெயில். கேமரா ஓடுது. அப்பா கேட்டைத் திறந்தாரு. ரெண்டு அடி வெச்சாரு. காலை அகட்டி நின்னாரு. வலது கையை மேல தூக்கினாரு. ‘சாஆஆர்… தபாஆஆல்!’ மரத்துல இருந்த குருவியெல்லாம் பறந்துடுச்சு. நாய் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடியே போச்சு. யூனிட்டே விழுந்து விழுந்து சிரிச்சுது. நீலமேகம் சார் பொறுமையா, ‘அண்ணே, சாதாரணமா சொல்லுங்க, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்ற மாதிரி’ன்னாரு. அப்பாவுக்குச் சாதாரணமா சொல்லத் தெரியலை. பாவம், ஆயுசு பூரா ராஜாவா நின்னு பேசினவரு, தபால்காரரா எப்படிப் பேசுவாரு? மறுபடியும் மறுபடியும் எடுத்தாங்க. கடைசியில அந்த ரெண்டு வார்த்தையும் அவருக்கு மறந்துபோச்சு. வாயைத் திறந்துக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. நீலமேகம் சார் தோள்ல கையைப் போட்டு, ‘அண்ணே, நீங்க போய்ச் சாப்பிடுங்க’ன்னாரு. சாப்பாட்டு நேரமே இல்லை அப்போ.

மெட்ராஸ்லேருந்து வேற ஒருத்தரை வரவழைச்சு அதே சீனைத் திரும்ப எடுக்கப் போறாங்கன்னு பேச்சு. அப்பா சட்டையைக் கழட்டி, மடிச்சு, தொப்பியை மேல வெச்சு, காஸ்ட்யூமர் மாசிலாமணி கையில குடுத்தாரு. நான் பார்த்தேன். இது முக்கியம் ஜெயசீலா, நீ மனசுல வெச்சுக்க. எங்கப்பா அந்த உடுப்பைத் திருப்பிக் குடுத்ததை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.

மறுநாள் பிடிச்சுது பாரு மழை. கோடை மழை, மலையில கேக்கணுமா? வெளியில தலை காட்ட முடியலை. ஷூட்டிங் நின்னுபோச்சு. மழை விட்ட அன்னிக்குப் புது நடிகர் வந்து இறங்கினாரு. மாசிலாமணி பெட்டியைத் திறக்கிறாரு, தபால்காரர் உடுப்பைக் காணோம். சட்டை, தொப்பி, பை ஒண்ணுமே இல்லை.

இப்போ உனக்கு இது சின்ன விஷயமாத் தெரியும். ஒரு காக்கிச் சட்டைதானேன்னு. தையக்காரரும் கடையும் மலைக்குக் கீழே சேலத்துல. மழையில ரோடு சரிஞ்சு வண்டியெல்லாம் ஊர்ந்து ஊர்ந்துதான் வருது, போய்த் தச்சு வாங்கிட்டு வர ஒரு நாளுக்கு மேல ஆகும். புது நடிகருக்கு மறுநாள் மெட்ராஸ்ல வேற வேலை. புரொடக்‌ஷன் மேனேஜர் மாசிலாமணியைப் பிடிச்சுக் கத்து கத்துன்னு கத்தறாரு. ‘பொறுப்பில்லாதவனுக்கு இங்கே வேலை இல்லை, பெட்டியைக் கட்டு’ங்கிறாரு. மாசிலாமணி வயசானவரு. முழங்கையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறாரு.

நானும் உமாபதியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். படத்துல அத்தனை நாளா துப்பறியுறோமே, நிஜத்துல விடுவோமா? என்கிட்ட ஒரு பூதக்கண்ணாடி இருந்துச்சு, படத்துக்குக் குடுத்தது. நாயைக் கயித்துல கட்டி, மாசிலாமணி பெட்டியில இருந்த துணியை மோந்து பார்க்க வெச்சு, கிளம்பிட்டோம். அது ஒரு முட்டாள் நாய். படத்துல புத்திசாலி. நிஜத்துல எங்கே தீனி இருக்கோ அங்கே போகும். நேரா போய் எங்க ரூம் கதவுகிட்ட உக்காந்துக்கிச்சு. வாலை ஆட்டுது, கதவைப் பிறாண்டுது. நான் இழுக்கிறேன், வரமாட்டேங்குது. அப்பா அதுக்குத் தினமும் பிஸ்கட் போடுவாரு, அந்த ஞாபகம். ‘சனியனே, வா’ன்னு நான் இழுக்கிறேன். உமாபதி என்ன பண்ணினான் தெரியுமா? நாயைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ‘செண்பகம், ஏரிப் பக்கம் போய்த் தேடுவோம்’னான். ஏரிக்கும் உடுப்புக்கும் என்ன சம்பந்தம்? துப்பறியவே தெரியாது அவனுக்கு. வசனம் எழுதிக் குடுத்தாதான் பேசுவான்.

ஏரி வரைக்கும் போனோம். அங்கே போனதும் வயித்து வலின்னான். ‘நீ தேடிக்கிட்டு இரு’ன்னு என்னை விட்டுட்டு ஓடிட்டான். எனக்கு அப்பவே சந்தேகம். கொஞ்ச நேரம் கழிச்சு நானும் பின்னாலயே போனேன். பிச்சுமணியாச்சே, சும்மாவா? காப்பிச் செடி மறைவுல நின்னு பார்க்கிறேன். எங்க ரூம்லேருந்து வெளியே வர்றான். கையில ஒரு மூட்டை.

இப்போ புரியுதா உனக்கு? அந்த உடுப்பைத் திருடி எங்க ரூம்ல கொண்டு வந்து வெச்சிருக்கான். எதுக்கு? எங்கப்பா மேல பழி விழணும்னு. ‘சீன் போச்சுங்கிற ஆத்திரத்துல திருஞானம்தான் ஒளிச்சு வெச்சுட்டாரு’ன்னு எல்லாரும் நினைக்கணும்னு. அப்புறம் பயந்துபோய்த் திரும்ப எடுத்துட்டான். இதுல என்ன மர்மம் இருக்கு? கண்ணால பார்த்தேனே.

இரு, இன்னும் கேளு. அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டுப் பந்தி. வராண்டாவுல எல்லாரும் உக்காந்திருக்காங்க. மாசிலாமணி தன்னோட டிரங்குப் பெட்டியோட வாசல்ல நிக்கிறாரு, பஸ்ஸுக்குப் போக. அப்போ உள்ளேருந்து வர்றான் உமாபதி. அந்தத் தபால்காரர் சட்டையைப் போட்டுக்கிட்டு. சட்டை கணுக்கால் வரைக்கும் தொங்குது. தொப்பி மூக்குல நிக்குது. பை தரையில இழுபடுது. பந்திக்கு முன்னால வந்து நின்னு, ‘சார், தபால்!’ங்கிறான். எல்லாரும் கொல்லுனு சிரிச்சுட்டாங்க. அழகாச் சொன்னான்னு வேற சொன்னாங்க. அப்புறம் சொல்றான், ‘நான்தான் சார் எடுத்தேன். விளையாட்டுக்கு எடுத்தேன். போட்டுப் பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு. மாசிலாமணி தாத்தாவை அனுப்பாதீங்க.’

சிரிப்பு நின்னுபோச்சு. நீலமேகம் சார் எழுந்து வந்தாரு. அவ்வளவு சாதுவான மனுஷன், ஓங்கி ஒரு அறை விட்டாரு. தொப்பி தெறிச்சு ரசத்துல போய் விழுந்துச்சு. பட்டம்மாள் வந்து முதுகுல மொத்துறா, ‘என் குடியைக் கெடுத்துட்டியேடா பாவி’ன்னு.

எங்கப்பா எழுந்துட்டாரு. சாப்பிட்ட கையோட எழுந்து நின்னாரு. ‘சார்…’ன்னு ஆரம்பிச்சாரு. அதுக்கு மேல அவருக்கு வார்த்தை வரலை. அப்படி இளகின மனசு தம்பி எங்கப்பாவுக்கு. தனக்குக் கெடுதல் நினைச்சவனைக்கூட அடிச்சாத் தாங்க மாட்டாரு. அந்தப் பய என்ன பண்ணினான் தெரியுமா? அவ்வளவு அடி வாங்கிக்கிட்டு இருக்கிறவன், எங்கப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். இப்படி. வேணாம், வேணாம்ங்கிற மாதிரி. உங்க பரிதாபம் எனக்கு வேணாம்ங்கிறான். என்ன திமிர் பாரு.

தொண்டை வறண்டுபோச்சு. மதுராந்தகம் தாண்டிட்டோமா? நுங்கு விப்பாங்களே, அங்கே ஓரமா நிறுத்து. நீயும் ரெண்டு சாப்பிடு.

…

இளசா இருக்கு. திண்டிவனத்துலயே இப்போ இப்படிக் கிடைக்கிறதில்லை.

அப்புறம் என்ன? அப்புறம் அவன் முகத்துல கரி விழுந்தது விழுந்ததுதான். சேட்டைக்காரப் பையன், கம்பெனிக்கு நஷ்டம் வைக்கிறவன்னு பேரு வந்துடுச்சு. ரெண்டு மூணு படத்துக்குப் பேசி வெச்சிருந்தாங்க, எல்லாம் போச்சு. இந்தப் படத்துலயே கடைசி சீன்ல அவன் சொல்ல வேண்டிய வசனத்தை எனக்குக் குடுத்துட்டாங்க. ஆமா, அந்தத் திருடன் வசனம்தான். முதல்ல அது குண்டு சொல்ற மாதிரிதான் எழுதியிருந்தாங்க. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? அவன் தேடிக்கிட்டது. பிற்பாடு அம்பத்தூர்ல ஏதோ ஃபேக்டரியில ஸ்டோர்ஸ்ல இருந்தான்னு கேள்வி. கல்யாணம் பண்ணிக்கலையாம். அம்மாவை வெச்சுக் காப்பாத்திட்டு இருந்தானாம்.

ஆனா அவன் நாசம் பண்ணினது எங்கப்பாவை. அதுதான் என் வயித்தெரிச்சல். அன்னிக்கோட அவரு ஷூட்டிங் பக்கமே வரலை. ரூம்லயே சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. படம் ஓடு ஓடுன்னு ஓடுது, எனக்கு எத்தனையோ பேர் கேட்டு வர்றாங்க, ‘என் பொண்ணுக்கு சினிமா வேணாம்’னுட்டாரு. ஊருக்கே கூட்டிட்டு வந்துட்டாரு. மண்டியில கணக்கெழுதப் போனாரு. பாடுறதையே விட்டுட்டாரு ஜெயசீலா. சாமி கும்பிடறப்பக்கூட வாயைத் திறக்க மாட்டாரு. தெருவுல தபால்காரர் வந்தா எழுந்து உள்ளே போயிடுவாரு. அம்மாதான் வாங்கணும். அவ்வளவு ரணம்! ஒரு சின்னப் பையன் பண்ணின சூழ்ச்சி ஒரு மனுஷனை என்ன பண்ணிடுச்சு பாரு.

தீபாவளிக்குத் தீபாவளி கேப்பாரு, ‘அந்தப் பையன் எங்கே இருக்கானாம்? ஏதாச்சும் தெரிஞ்சுதா?’ன்னு. எனக்குக் கோவம் கோவமா வரும். ‘அவனைப் பத்தி எதுக்குப்பா பேசுறீங்க’ம்பேன். பேச்சை நிறுத்திடுவாரு. கடைசியா ஆஸ்பத்திரியில கெடக்கும்போதுகூட என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘உமாபதிகிட்ட… உமாபதிகிட்ட…’ன்னு ஏதோ சொல்ல வந்தாரு. நான்தான், ‘அதையெல்லாம் இன்னுமா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, மறந்துடுங்க, நான் பார்த்துக்கிறேன்’னு சொல்லி அடக்கினேன். கண்ணுல தண்ணியா கொட்டுச்சு. சாகுற வரைக்கும் அவன் பண்ணினது அவரை விடலை.

சாவுக்கு வந்தான், தெரியுமா? யாரும் சொல்லி அனுப்பலை. பேப்பர்ல பார்த்தானாம். பெத்த பிள்ளை மாதிரி பாடையில ஒரு பக்கம் தோள் குடுத்தான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கூட்டத்துல ஒண்ணும் சொல்ல முடியலை. கிளம்பும்போது என்கிட்ட வந்து, ‘அப்பா ஏதாவது சொன்னாரா செண்பகம்?’ன்னான். ‘உன்னைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு?’ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டேன். ‘சரி’ன்னான். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் இன்னிக்குத்தான் பார்க்கப் போறேன்.

என்ன கேட்டே? சத்தமா கேளு, லாரி போகுது.

அவன் ஏன் அப்பா மேல பழி போடணும்னா? ஏன்னா… பொறாமை. எனக்கு அப்பா இருக்காரு, அவனுக்கு இல்லை. அந்தப் பொறாமை. சின்னப் பசங்களுக்கு இருக்காதா?

பழி போடறவன் ஏன் தானே எடுத்தேன்னு வந்து நிக்கணும்? பயந்துட்டான்னு சொன்னேனே.

நீ ரோட்டைப் பாருப்பா. எங்கப்பா எடுக்கிறதுக்கு அவருக்கு என்ன தேவை? சொன்னேனே, மடிச்சுத் திருப்பிக் குடுத்தாரு. அந்த உடுப்பு அவருக்கு எவ்வளவு பிடிக்கும்னு உனக்குத் தெரியுமா? ஒரு நாள் நான் தூங்கி எழுந்து பார்க்கிறேன். கண்ணாடி முன்னாடி அதைப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. பொத்தான் எல்லாம் போட்டு, தொப்பி வெச்சு. மெதுவா, ரொம்ப மெதுவா, ‘சார், தபால்… சார், தபால்…’னு சொல்லிப் பார்த்துக்கிறாரு. அவ்வளவு அழகா வந்துச்சு. நீலமேகம் சார் கேட்ட மாதிரியே, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்ற மாதிரி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தகரக் கூரையில மழை அப்படிக் கொட்டுது, அந்தச் சத்தத்துலயும் எனக்குக் கேக்குது. ஒத்திகை பார்த்துக்கிட்டு இருந்தாரு, மறுநாள் ஷூட்டிங்குக்கு.

என்ன?

ஆமா, மழைதான். ஷூட்டிங்கன்னிக்கு வெயில்தான். மழை மறுநாள்தான் பிடிச்சுது. நான்தான் சொன்னேன். சொன்னா என்ன?

…

அப்போ அது முன்னாடி இல்லை, பின்னாடியா? நீ சொல்றியா? நீ யாரு சொல்றதுக்கு? நேத்துப் பொறந்த பய. நீ இருந்தியா அங்கே? எனக்கு மழை தப்பா ஞாபகம் இருக்கலாம். சின்ன வயசு. எந்த மழையோ, எந்த ஊரோ. எதுவும் பேசாம வண்டியை ஓட்டு.

…

…

இது எந்த இடம்? வண்டலூரா. அதுக்குள்ள வந்துட்டோமா.

இல்ல, கோவம் ஒண்ணும் இல்ல. நீ தப்பா ஒண்ணும் கேக்கலை. களைப்பா இருக்கு. வெயில் பாரு கண்ணைக் குத்துது. நேத்துச் சரியா தூங்கலை. இந்த மாதிரி விழாவுக்கெல்லாம் நான் வரக் கூடாது, அதைத்தான் என் பொண்ணுகிட்டச் சொன்னேன்.

அப்பாவுக்கு அது நல்லா வந்துச்சு, தம்பி. அதைத்தான் நினைச்சுக்கிட்டு வர்றேன். அவ்வளவு நல்லா வந்துச்சு. கேக்குறதுக்குத்தான் யாரும் இல்லை.

ஜெயசீலா, உனக்கு அவசர வேலை எதுவும் இருக்கா? இல்லேன்னா நீயும் உள்ளே வா. படம் பாரு. சிரிப்பாத்தான் இருக்கும். எனக்கு அங்கே பேச யாரும் இல்லை. அவன்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியலை. ‘நல்லா இருக்கியா’ன்னு கேக்கவா? இத்தனை வருஷம் கழிச்சு அதையா கேக்குறது?

வந்தாச்சா? அந்த பேனரா? ஐயோ, என் மூஞ்சியை எவ்வளவு பெரிசா போட்டிருக்காங்க. பக்கத்துல அவன். கன்னம் ரெண்டும் உப்பி, பல்லெல்லாம் தெரிய. எப்படிச் சிரிக்கிறான் பாரு.

கொஞ்சம் மெதுவாப் போ. நிறுத்தாதே. கேட்டுகிட்ட நிக்கிறது யாரு? வெள்ளைச் சட்டை, கையில குச்சி. அவன்தான். என்ன இப்படி ஆயிட்டான்! ஒரு பொட்டு சதை இல்லை. குண்டுன்னு சொன்னா யார் நம்புவாங்க? ஒவ்வொரு காரா குனிஞ்சு குனிஞ்சு பார்க்கிறான். யாரைத் தேடுறான்?

பார்த்துட்டான். வர்றான். அந்தக் குச்சியை ஊனிக்கிட்டு இந்த வேகம் எதுக்கு? விழுந்து வைக்கப் போறான்.

கண்ணாடியை இறக்கு.

‘வா செண்பகம், பசிக்குதா?’ங்கிறான். கேட்டியா? இதுதான் முதல் வார்த்தை.

ஜெயசீலா, பின் சீட்டுல என் பை இருக்கு, எடு. அவன்கிட்ட குடுக்காதே. கையை நீட்டுவான், அவனுக்குத் தூக்கித்தான் பழக்கம். குடுக்காதேங்கிறேன்ல. இப்படிக் குடு. என் பைதானே, நான் தூக்கிக்கிறேன்.